சீனிக்குப் பதினைந்து நிமிடம்

காரை விட்டு இறங்கியதும் யோனின் கண் நேராய்ப் போய் விழுந்தது ஹெதரின் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில். அங்கே ஒரு நாய்க்கூடு. புது வைக்கோல் பரப்பி, தண்ணீர்ச் சட்டி வைத்து, கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாய் இல்லை.

"மச்சான், கூட்டைப் பாத்தியோ?"

"பாத்தனான் அத்தான்," என்றான் கிறிஸ்ரியன். "மனிசி சம்பந்தம் பேச வந்த மாதிரித் தெரியேல்லை. பொம்பிளையைக் கையோட கூட்டிக்கொண்டு போக வந்த மாதிரித்தான் கிடக்கு."

பின்சீற்றில் யோனின் நாய் சீனி வாயை ஒரு முழத்துக்குத் திறந்து கொட்டாவி விட்டது. அதற்கென்ன, கவலைப்படத்தான் யோன் இருக்கிறானே.

யோனுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது மன்னார்ப் பேசாலையில், வீடு கிரான்பர்னில், வேலை டண்டினோங்கில். மாட்டுத்தீனி, குதிரைத்தீனி, கோழித்தீனி என்று லொறியில் ஏற்றிப் பண்ணை பண்ணையாய் இறக்குவான். விக்ரோரியா மாநிலத்தில் யோன் தீனி கொண்டுபோகாத குதிரை ஒன்று இருந்தால் அது படத்தில் இருக்கிற குதிரையாய்த்தான் இருக்கவேண்டும்.

இரண்டு வருசத்துக்கு முன் ஒருநாள் ஹெதரின் பண்ணையில் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், லொறியில் அவனுடைய ஆசனத்தில் ஒரு குட்டி. கபில நிறத் தலை, உடம்பெல்லாம் மை தெளித்த மாதிரிப் புள்ளி. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின்மேல் மூத்திரம் பெய்துவிட்டு அதன்மேலேயே நித்திரை. ஹெதர் வந்து தூக்கினார். அது யோனின் சட்டைக் கையைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அன்றைக்கே யோன் முடிந்துபோனான்.

ஹெதர் நாற்பது வருசமாய்க் காடை வேட்டை நாய்கள் வளர்ப்பவர். சிரித்தால் பல் உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். பட்டணத்து ஆட்களுக்குக் குட்டி கொடுப்பதில்லை. யோனுக்கு மட்டும் ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டினார். இரண்டு சீசன் தருவேன். அதற்குள் வேட்டைப் போட்டியில் முதல் மூன்று இடத்தில் ஒன்றை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் நாய் திரும்ப என்னிடம். நல்ல நாயைச் சோபாவில் வளர்த்து வீணாக்க விடமாட்டேன்.

யோன் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனை முறியாதது ஆச்சரியம். காடை சீசன் ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடியும். இரண்டு சீசன் என்பது அப்போது அவனுக்கு இரண்டு நூற்றாண்டு மாதிரித் தெரிந்தது. இன்றைக்கு ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு. இரண்டாவது சீசனின் கடைசிப் போட்டி. ஏழு போட்டிக்குப் போயாகிவிட்டது. ஓர் இடமும் இல்லை.

போட்டி இதுதான். இரண்டு இரண்டு நாயாய் விடுவார்கள், பதினைந்து நிமிடம். வெட்டி முடித்த கோதுமை வயலில் நாய் குறுக்கும் மறுக்கும் ஓடி, காற்றில் வருகிற காடை மணத்தைப் பிடித்து, பிடித்த இடத்தில் சிலையாய் நிற்கவேண்டும். ஆள் போய்க் காடையை எழுப்புவான். காடை பறந்தாலும், வெடி கேட்டாலும், காடை விழுந்தாலும் நாய் அசையக்கூடாது. போ என்று சொன்ன பிறகுதான் போய், பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் தரவேண்டும். மணம் பிடிக்காமல் காடையை மிதித்து எழுப்பினால் அந்த நிமிடமே வெளியே. இத்தனை பொறுமை உள்ள ஒரு மனுசரைக் கிரான்பர்ன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நாயிடம் கேட்கிறார்கள்.

துவக்கெடுத்துக் காடைக்கு வெடி வைப்பது கிறிஸ்ரியன். காரணம் யோனின் மனைவி அன்னமலர்.

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி ஓடித் தப்பி வந்து இஞ்ச மனுசரா இருக்கிறம்," என்றாள் அன்னமலர், லைசன்ஸ் என்ற கதை எடுத்த அன்றைக்கு. "இப்ப நீங்கள் துவக்கு வாங்கி என்ரை அலுமாரிக்குப் பக்கத்தில வைக்கப் போறியளோ? நாயோ நானோ எண்டு கேக்கமாட்டன். துவக்கோ நானோ, சொல்லுங்கோ."

யோன் அரைச் செக்கனில் சொன்னான். நாயை நடத்துகிறவருக்காக இன்னொருவர் சுடலாம் என்று சங்கத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அன்னமலரின் தம்பி கிறிஸ்ரியன் லைசன்ஸ் எடுத்து, மல்கிரேவில் தன் வீட்டில் இரும்புப் பெட்டியில் துவக்கைப் பூட்டி வைத்துக்கொண்டான்.

"சோ மாமா'ஸ் கன் இஸ் ஓகே, அப்பா'ஸ் இஸ் நொட்?" என்று மகள் அனோஜினி கேட்டாள்.

"அவன்ரை அலுமாரி என்ரை இல்லை," என்றாள் அன்னமலர்.

கிறிஸ்ரியன் கம்பியூட்டரில் கெட்டிக்காரன். துவக்கில், அவன் சுட்டு விழுந்த காடைகளை ஒரு கை விரலில் எண்ணினால் மோதிரம் போட இரண்டு விரல் மிஞ்சும்.

ஆனால் போன மாதம் சீனியைக் கவிழ்த்தது கிறிஸ்ரியனின் குறி அல்ல. சீனி அன்றைக்கு அருமையாய் நின்றது. காடை எழும்பியது. நாய் ஓடிவிடக்கூடாதே என்று யோன் விசிலை வாயில் வைத்து நீட்டி ஊதினான். நீட்டி ஊதினால் அசையாதே என்று அர்த்தம், எல்லா வேட்டை நாய்க்கும். சீனியோ திரும்பி, நூறு மீற்றர் ஓட்டக்காரரெல்லாம் வெட்கப்படுகிற வேகத்தில் யோனிடம் ஓடிவந்து, அவன் சப்பாத்துக்கு முன்னால் குந்தி, வாயைத் திறந்து வாணீர் வடித்துக்கொண்டு பார்த்தது. நடுவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். வெளியே.

ஏனென்று ஒரு கிழமையாய் யோனுக்கு விளங்கவில்லை. கண்டுபிடித்தது அனோஜினி. அடுத்த ஞாயிறு குசினியில் மாட்டிறைச்சி பிரஷர் குக்கரில் அவிய, குக்கர் நீட்டி ஒரு விசில் அடித்தது. பின்வளவில் நின்ற சீனி வேலியைப் பிய்க்காத குறையாய் ஓடிவந்து அன்னமலரின் காலடியில் குந்தியது. அன்னமலர், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், எலும்பொன்றை எடுத்து ஊதி ஆறவைத்துக் கொடுத்தாள்.

"அப்பா, இற்ஸ் த குக்கர்!"

"எத்தினை நாளா அன்னம்?" என்று யோன் கேட்டான்.

"எத்தினை நாளா எண்டால்... குட்டியில இருந்துதான்," என்றாள் அன்னமலர், கரண்டியைப் பார்த்தபடி. "நீங்கள் வயலில ஊதுறதுக்கும் என்ரை குக்கருக்கும் உடன்படிக்கை இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

யோன் குக்கரை எடுத்துக் கராஜில் பூட்டினான். வீட்டில் இறைச்சி மூன்று மணித்தியாலம் அவிந்தது. என்ன செய்தும் சீனியின் மண்டையில் ஏறிய எலும்பு இறங்கவில்லை. அதனால் யோன் விசிலையே விட்டுவிட்டு, கையை உயர்த்தினால் நில் என்று பழக்கினான். அதில் ஒரு சின்னக் குறை. நாய் திரும்பிப் பார்த்தால்தான் கை தெரியும். முதுகு காட்டி நிற்கிற நாய்க்கு யோன் மரம் மாதிரிக் கையைத் தூக்கி என்ன பயன்? வாயால் கத்தலாம். கத்தினால் புள்ளியை வெட்டுவார்கள், மற்றக் காடைகளும் எழும்பிப் போய்விடும்.

இன்றைக்குச் சீட்டுக் குலுக்கியதில் சீனிக்குக் கடைசி முறை. சோடி ஒரு செம்மஞ்சள் நிற ஹங்கேரி நாய், விஸ்லா என்ற சாதி. முந்திய சோடிகளில் இரண்டு நாய்கள் ஏற்கெனவே காடை கொண்டுவந்து கொடுத்துவிட்டன. மிச்சம் எல்லாம் வெறுங்கை, மூன்றாமிடம் இன்னும் காலி. காலையில் இருந்து வடக்குக் காற்று பிய்த்து வாங்கிக்கொண்டிருந்தது.

யோன் அதற்கு வாடை என்றுதான் பெயர் சொல்வான். மன்னார்ப் பக்கம் வாடை குளிர், தெற்கிலிருந்து வருகிற சோளகம் வெக்கை. இங்கே வடக்கே பாலைவனம், தெற்கே பனி. வாடை சுட, சோளகம் விறைக்கும். இந்த நாட்டில் காற்றைக்கூடத் தலைகீழாய்த் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று யோன் எப்போதும் குறைப்படுவான்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு நடுவர் கையைக் காட்டினார். நெட்டையான மனுசன், மீசை வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரி. இரண்டு நாயும் பாய்ந்தன.

ஓடவேண்டிய துண்டு வடக்கில் தொடங்கித் தெற்கே வேலி வரைக்கும். அப்படியென்றால் காற்று முதுகில். நாய்க்கு முன்னால் கிடக்கிற மணம் இன்னும் முன்னாலேயே போய்விடும், மூக்குக்கு வராது. முதல் நாலு நிமிடம் சீனி இடமும் வலமும் அறுத்து அறுத்து ஓடியது. ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடம். ஒன்றுமில்லை.

விஸ்லாக்காரர் பொறுமை இழந்து தன் நாயை நேரே அனுப்பினார். அது காற்று வாலில் அடிக்க ஒரு புல் புதருக்குள் பாய்ந்தது. அதன் காலுக்கு அடியில் இருந்து காடை ஒன்று பட்டாசு மாதிரி வெடித்துக் கிளம்பியது. விஸ்லா திகைத்துக் குந்தியது. நடுவர் புத்தகத்தில் ஒரு கோடு இழுத்தார். விஸ்லாக்காரர் நாயைக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"அத்தான், இப்ப நாங்கள் மட்டும்தான்," என்றான் கிறிஸ்ரியன். "எட்டு நிமிசம் கிடக்கு."

யோன் முன்னால் பார்த்தான். வேலி ஓரமாய், வெட்டு மெசின் எட்டாத இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் பழுத்த புல் ஒரு பட்டியாய்க் கிடந்தது. காடை இருந்தால் அங்கேதான். இல்லாமல் இருக்க வழியே இல்லை. இந்தக் காற்றில் சீனி அதற்குள் போனால் விஸ்லாவுக்கு நடந்ததுதான் நடக்கும். அதுவும் விளங்கியது.

திடீரென்று அவன் பிடரியில் காற்றுக் குறைந்தது. தூரத்துப் பண்ணை வீட்டுப் புகை, காலையில் இருந்து படுத்துக் கிடந்தது, எழும்பி நேரே நின்றது. யோன் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். பிறகு சீனி திரும்பிப் பார்த்த நேரம் கையைக் காட்டிக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, தானும் ஒரு முழங்காலில் குந்தினான்.

"என்ன செய்யிறியள்?"

"பொறு."

"எதுக்கு? பஸ்ஸுக்கோ?"

"காத்துத் திரும்பப் போகுது."

கிறிஸ்ரியன் போனை இழுத்து எடுத்தான். "மூண்டு மணிக்குத்தான் திரும்புமெண்டு போட்டிருக்கு. மூண்டு மணிக்கு! இப்ப பதினொண்டே முக்காலும் ஆகேல்லை. அத்தான், உங்களுக்கு விசரோ?"

"போனுக்குக் கன்னம் இருக்கோ?"

"ஏழு நிமிசம் அத்தான்!"

"துவக்கை வானத்துக்குப் பிடிச்சுக்கொண்டு வாயை மூடு."

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். யோனைப் பார்த்தார். குந்தியிருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் இப்படி ஒருத்தன் குந்துவான் என்று சட்டம் எழுதினவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள். கார்கள் நின்ற பக்கம் ஹெதர் தூரக்கண்ணாடியை இறக்கித் துடைத்துவிட்டுத் திரும்பத் தூக்கிப் பிடித்தார்.

ஆறு நிமிடம். சீனி முனகியது. யோன் அதன் நெஞ்சில் கையை வைத்திருந்தான். யாருடைய நெஞ்சு கூடுதலாய் அடிக்கிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை. காற்றுக் கணக்குப் பிழைத்துப்போனால் என்ன என்று ஒருதரம் நினைத்தான். நினைத்ததும் அந்த வைக்கோல் போட்ட கூடு கண்ணுக்குள் வந்து நின்றது. தான் அதன் கதவைச் சாத்துகிற மாதிரி, சீனி உள்ளே இருந்து சட்டைக் கையைக் கவ்வுகிற மாதிரி. எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. எழும்பவில்லை.

"நாலரை," என்றான் கிறிஸ்ரியன். இப்போது அவன் யோனைப் பகிடி பண்ணவில்லை. அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

புகை ஆடியது. பக்கத்து வயலில் நின்ற செம்மறிகள் ஒவ்வொன்றாய்ப் பின்பக்கத்தைத் தெற்குக்குத் திருப்பின. அதற்குப் பிறகு, யாரோ ஒரு பெரிய குளிரூட்டிக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி, யோனின் முகத்தில் நேரே வந்து அடித்தது சோளகம். கண்ணில் தண்ணீர் வரும் குளிர். சீனியின் தலை விசுக்கென்று நிமிர்ந்தது.

"போ!"

போனது. பழையபடி ஓடவில்லை. மூக்கை உயர்த்தி, காற்றை மென்று மென்று, ஒரு கோடு பிடித்துப் போனது. புல்லுக்கு இருபது மீற்றர் முன்னால், ஓடின ஓட்டத்தில் காலொன்று தூக்கியபடி, வால் ஈட்டி மாதிரி, அப்படியே நின்றது.

யோன் கையைத் தூக்கி நடுவருக்குக் காட்டினான். மூன்று நிமிடம். மெதுவாய் நடந்து நாயைக் கடந்து போனான். இப்போது சீனி அவனுக்குப் பின்னால். அவனைப் பார்க்கிறதா, புல்லைப் பார்க்கிறதா என்று திரும்பிப் பார்க்க முடியாது. புல்லில் காலை உதைத்தான்.

முதல் காடை எழும்பி, முழங்கால் உயரத்தில், நேரே நடுவரின் பக்கம் பறந்தது.

"சுடாதை!"

கிறிஸ்ரியன் சுடவில்லை. துவக்கு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. தாழப் பறக்கிற காடைக்குச் சுட்டால் நாயும் போகும், ஆளும் போகும். அவன் குறி எப்படியிருந்தாலும் மூளை சரி. காடை நடுவரின் காற்சட்டையை உரசிக்கொண்டு போய்விட்டது. சத்தமில்லை. பின்னால் சீனி ஓடுகிற சத்தமும் இல்லை.

ஒரு காடைதானோ? இன்னொரு அடி வைத்தான். இன்னொன்று. புல் வெடித்தது. இரண்டாவது காடை நேரே மேலே போய்ச் சோளகத்தில் ஏறி வளைந்தது.

டும்!

காற்றில் ஒரு பிடி இறகு. காடை வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தது. சுட்டவனே நம்ப முடியாமல் துவக்கைப் பார்த்தான்.

யோன் திரும்பினான். சீனி நடுங்கிக்கொண்டு நின்றது. தூக்கிய முன்னங்கால் மெல்ல மெல்ல இறங்கியது. முன்னால் வைத்ததா, நின்ற இடத்திலேயே வைத்ததா? யோன் நின்ற கோணத்தில் இருந்து தெரியவில்லை. கண் காடையில், அவன் கையை அது பார்க்கவில்லை. ஊத விசில் இல்லை. கத்தினால் புள்ளி போகும். அவன் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். சீனி அதற்குமேல் அசையவில்லை. நடுவர் நாயின் காலையே பார்த்துக்கொண்டு ஏதோ எழுதினார். நீளமாய் எழுதினார்.

பிறகு தலையாட்டினார். "எடுத்துவா," என்றான் யோன். சீனி போய், கவ்வி, வந்து, காடையை அவன் உள்ளங்கையில் வைத்தது. நடுவர் இறகை விலக்கி, விலாவைத் தடவி, பல் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த மீசைக்குப் பின்னால் இழவு வீடு நடந்தாலும் கலியாண வீடு நடந்தாலும் வெளியே தெரியாது.

முடிவு சொல்ல ஒரு மணித்தியாலம் எடுத்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் யோனுக்கு நரைத்த மயிரைச் சேர்த்தால் ஒரு தலையணை கட்டலாம். கிறிஸ்ரியன் ரீ கொண்டுவந்து கொடுத்தான். யோன் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்து சோளகத்தில் ஐஸாக்கினான்.

"காலை முன்னுக்கு வைச்சவளோடா?"

"நான் காடையைப் பாத்துக்கொண்டு நிண்டனான் அத்தான். என்ரை வாழ்க்கையில நாலாவது காடை. நாயின்ரை காலைப் பாப்பனோ?"

சங்கத் தலைவர் தாளைக் கையில் எடுத்தார். நாய்களின் வீட்டுப் பெயரைச் சொல்லமாட்டார்கள், பரம்பரைப் பத்திரத்தில் இருக்கிற பெயரைத்தான் வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு கூட்ஸ் ரயில் நீளம். முதலிடம். கைதட்டல். இரண்டாமிடம். கைதட்டல். மூன்றாமிடம் என்று சொல்லி, வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வாசித்தார்.

"போச்சு அத்தான்," என்றான் கிறிஸ்ரியன். "ஏதோ கப்பலின்ரை பேர் மாதிரி ஒண்டுக்குக் குடுத்திட்டாங்கள். அந்த மீசைக்காரன் காலைக் கண்டிட்டான். நான் அப்பவே..."

பக்கத்தில் திரும்பினால் யோன் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சீனியைப் பிடித்தபடி, கூட்டத்துக்கு நடுவால் பரிசு வாங்கப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு சப்பாத்துக் கயிறும் அவிழ்ந்து இழுபட்டது அவனுக்குத் தெரியவில்லை.

ஹெதர் வந்து, அந்த நாலு வரித் தாளை மடித்து யோனின் சட்டைப் பையில் வைத்தார்.

"இது இனி உன்னிடம் இருக்கட்டும். நாயும்தான்," என்றார் ஆங்கிலத்தில். "அதன் காலை நான் தூரக்கண்ணாடியால் பார்த்தேன். நின்ற இடத்திலேயே வைத்தது." பிறகு சீனியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

காரில் ஏறி இருந்ததும் போன் அடித்தது. அன்னமலர். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பதினாறாவது தடவையாய் எடுக்கிறாளாம்.

"இஞ்சாருங்கோ, ஆர் வெண்டது ஆர் தோத்தது எண்டு எனக்குத் தேவையில்லை. அவள் காருக்குள்ள இருக்கிறாளோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

யோன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கிறிஸ்ரியன் போனுக்குக் கிட்டக் குனிந்தான்.

"அக்கா, அத்தானுக்குக் கதை வரேல்லை. மனுசன் முகத்தைப் பாத்தால்..."

"கிறிஸ்ரியன்! பகிடி விட்டியெண்டால் இந்த வாசலுக்கு வரவேண்டாம். சொல்லடா!"

"இருக்கிறாள்," என்றான் யோன்.

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு அன்னமலரின் வழமையான குரல்.

"அப்ப கெதியா வெளிக்கிடுங்கோ. நான் இப்பதான் நிலம் துடைச்சனான். சேத்துக் காலோட ஒருத்தரும் உள்ளுக்க வரப்படாது. அவளுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."